வாளியில் கவிழ்ந்த போர்க்கப்பல்

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அண்ணன் வாழ்ந்ததில் நல்லதுதான் இருக்கிறது. அவர் செத்த விதத்தில் நல்லது எதுவும் இல்லை. இரண்டையும் எழுதுகிறேன்.

அண்ணன் சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் கரிசல் ஊரில் பிறந்தார். மழை பொய்த்தபோது அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனார்கள். எனக்கும் தம்பிக்கும் சோறு வடித்துப் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியவர் அண்ணன். ஐ.டி.ஐ.யில் டூல் அண்ட் டை படித்தார். அது உதிரிபாகம் அடிக்கிற இரும்பு அச்சுகளைச் செய்கிற படிப்பு. அதை நம்பிச் சென்னைப் பக்கம் ஒரகடம் வந்தார். கிடைத்தது பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டும் கான்ட்ராக்ட் வேலை. வல்லத்தில் வாடகை ரூம். பிறகு என்னையும் வரவழைத்து, ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டல் பார்த்துச் சேர்த்தார். நானும் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறேன்.

அண்ணனுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. ஒரே பைத்தியம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் ஓட்டிய நாசகாரிக் கப்பல்கள். நீருக்கடியில் பாயும் டார்பிடோ குண்டுகளை ஏவுகிற, வேகமான, மெல்லிய போர்க்கப்பல்கள் அவை. போனில் படம் பார்த்து, பெயின்ட் டின் தகட்டை வெட்டி அதே மாதிரி செய்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது முற்றத்தில் வாளித் தண்ணீரில் ஒன்றை மிதக்க விட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கார அக்கா துணி காயப்போட வந்தார்.

"இன்னாப்பா, குளிக்கிற வாளில கப்பல் வுட்டுகினு கீற?"

"ஒங்க ஏரியெல்லாம் கம்பெனியாயிட்டுக்கா. வேற எங்க விட?"

அக்கா சிரித்த சிரிப்பில் துணி கீழே விழுந்தது. அதற்குள் கப்பல் கவிழ்ந்துவிட்டது.

"பாத்தியாளா? மேல பூரா பீரங்கியும் டார்பிடோவும். கீழ லேசுத் தகடு. நெசமாவே ஜப்பான்காரன் புதுசா கட்டுன டார்பிடோ படகு ஒண்ணு புயல்ல இப்படித்தான் கவுந்துச்சு. அடுத்த வருசப் புயல்ல ரெண்டு நாசகாரிக்கு மூக்கே பிச்சுக்கிட்டுப் போச்சு. உள்ள இருந்தவனுவ போயிட்டானுவ."

"பொறவு?"

"பொறவு பாரத்தைக் கொறச்சான், தகட்டைக் கெட்டியாக்குனான். ஊரான் மண்ணைப் பிடிக்கப் போனவன்ளா அவன். அவனுக்கே செத்தவனைப் பாத்துப் புத்தி வந்துச்சு."

போர் வந்தபோது என்ன ஆயிற்று என்றும் சொன்னார். இருட்டில் டார்பிடோ சண்டை போட அந்தக் கப்பல்களுக்கு இணை கிடையாதாம். ஆனால் சரக்குக் கப்பல்களை எதிரி விமானங்கள் மூழ்கடித்ததும், தீவில் பட்டினி கிடந்த தங்கள் சிப்பாய்களுக்கு டிரம்மில் அரிசி அடைத்து இந்தக் கப்பல்களில் கட்டி அனுப்பினார்கள். கரைக்குப் பக்கத்தில் கடலில் தள்ளிவிட்டுத் திரும்ப வேண்டும். பாதி டிரம் கூடக் கரை சேரவில்லை. கப்பல்களும் ஒவ்வொன்றாகப் போயின.

"நானும் அரிசி தூக்குத நாசகாரிதான். படிச்சது அச்சு செய்ய, பாக்குதது பிரஸ் ஓட்டுத வேலை" என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரஸ்ஸுக்குள் கை போனால் மெஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அது அடிக்கடி நிறுத்துகிறது, டார்கெட் வரவில்லை என்று சூப்பர்வைசர் சாவி போட்டு அதை அணைத்துவிடுவார். அதைப் போடச் சொல்லி அண்ணன் கேட்டார். ஒரு தடவை அல்ல. சூப்பர்வைசர் சொன்ன பதிலைப் பக்கத்தில் நின்ற ரூம் நண்பர் எனக்குச் சொன்னார்: "இன்னா நீ, எப்பப் பாரு சென்சார் சென்சார்னுகினு? பயமா இருந்தா ஊருக்குப் போய் ஆடு மேய்."

அண்ணன் ஊருக்குப் போகவில்லை. தம்பி படித்துக்கொண்டிருந்தான். அவர் செத்த அன்றும் சென்சார் அணைந்திருந்தது. உள்ளே சிக்கிய தகட்டை எடுக்கக் குனிந்தார். பிரஸ் இறங்கியது.

கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி ஊருக்கே வந்தார். "கவனக்குறைவும்மா, என்ன பண்றது" என்றார். பிறகு, "மலர் போடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். நிர்வாகத்துக்கு ஒரு வரி நன்றி போட்டுடுங்க. தம்பியை நம்ம கம்பெனியிலேயே எடுத்துக்கலாம்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "ஒரு வரிதான ஏட்டி."

அந்த ஒரு வரியை எழுதினால் அண்ணன் தன் தப்பால் செத்தார் என்று நானே அச்சடித்துக் கொடுத்ததாகிவிடும். மற்றதை எழுதி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "அந்தப் பிரஸ்ல சின்னவன் நிக்க வேண்டாம்" என்றார்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ரூம் நண்பர்களுக்கு நன்றி. பிணவறை வாசலில் என் கையை விடாமல் நின்ற வல்லம் வீட்டுக்கார அக்காவுக்கு நன்றி. லீவு கிடைக்காவிட்டாலும் வண்டி ஏறி வந்த என் லைன் தோழிகளுக்கு நன்றி.

நிர்வாகத்துக்கு: பதினாறு முடியும் முன்பே அதே பிரஸ் சென்சார் இல்லாமல் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். அண்ணன் நின்ற இடத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளை நிற்கிறான். சென்சாரைப் போடுங்கள். அதன் பிறகு உங்கள் வாசலுக்கு நானே வந்து நன்றி சொல்கிறேன்.

தங்கை