புகையாண்டி யார்?

"மூணாவது அத்தியாயத்துலயே யாருன்னு தெரிஞ்சிட்டே அண்ணாச்சி... அதுக்குப் பிறகும் எதுக்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கீங்க?"

போன ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டியில் ஒரு இரும்புக் கடையின் மாடியில் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டவர் கோமதி. புதியம்புத்தூரில் சொந்தமாகத் தையல் யூனிட் நடத்துகிறார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பின்னே? மர்ம நாவல் எழுதியவனிடம் கேட்கிற கேள்வியா இது?

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். 'நாவல் எழுதுகிறேன், நாவல் எழுதுகிறேன்' என்று நாலு வருஷமாக உங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருவழியாகப் போன தை மாதம் வெளிவந்துவிட்டது. ஸ்டீம்பங்க் மர்மக் கதை. ஸ்டீம்பங்க் என்றால் என்ன? என் மனைவிக்குச் சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்கிறேன்: கரண்ட் கண்டுபிடிக்கப்படாத ஓர் உலகம். எல்லாமே நீராவி. எட்டயபுரம் பஸ் நீராவியில் ஓடும். பஞ்சாலை, தீப்பெட்டி ஆபீஸ், மாவு மில் — எங்கே பார்த்தாலும் குழாயும் சக்கரமும் புகையும்.

"அப்போ மாடியில துணி காயப்போட முடியாது" என்றாள். வீட்டில் இலக்கிய விவாதம் அதோடு முடிந்தது.

அந்த உலகத்தில் ஒரு மில் முதலாளி. ராட்சத நீராவிப் பம்புகளை வைத்துக் கரிசல் காட்டுக் கிணறுகளை உறிஞ்சி, அந்தத் தண்ணீரை ஊருக்கே விலைக்கு விற்கிறான். ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பம்புகளை உடைத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிறான் இன்னொருவன். முகமூடி, தோல் கோட்டு, இரும்புக் கால்களால் நடக்கிற ஒரு வண்டி. பெயர் புகையாண்டி. நேரில் பார்த்தவர் யாருமில்லை, அவனைப் பற்றிக் கதை சொல்லாதவரும் யாருமில்லை. அவன் யார் என்று ஓர் இன்ஸ்பெக்டர் புத்தகம் முழுக்கத் தேடுகிறார்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர், 'கடைசி அத்தியாயத்தில் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன் சார்' என்று மெசேஜ் அனுப்பினார். பெங்களூரில் ஒருவர், 'சத்தியமா எதிர்பார்க்கலை!' என்று ஏகப்பட்ட ஆச்சரியக்குறிகள் போட்டிருந்தார். பதிப்பாளரும் உற்சாகமாகிவிட்டார். இரண்டாம் பதிப்பு தயார், அது போகிற வேகத்தைப் பார்த்து இரண்டாம் பாகம். "திருத்தம் ஏதாவது இருந்தா திங்கட்கிழமைக்குள்ள சொல்லிடுங்க சார்" என்றார்.

இந்தத் தெம்பில்தான் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன். பிறந்த ஊர். மாலை, சால்வை, நாலு நல்ல வார்த்தை... மனுஷனுக்கு ஆசை இருக்காதா?

தங்கவேல் அண்ணாச்சி மாதம் ஒரு புத்தகத்தைப் பற்றித் தன் கடை மாடியில் பேசவைக்கிறவர். கீழே கம்பியும் ஆணியும், மேலே இலக்கியம். வந்த வாசகர்கள் எல்லாரும் புத்தகத்தை வரி விடாமல் படித்திருந்தார்கள். அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

"மழ பெஞ்ச பிறகு கரிசல்ல மனுசனே நடக்க முடியாது, செருப்போட காலும் சேர்ந்து ஒட்டிக்கிடும். இரும்புக் கால் வண்டி எப்படி நடக்கும்? மூணு எட்டுல புதைஞ்சிரும்லா?" என்றார் ஒரு விவசாயி.

"குடிக்கத் தண்ணியில்லாத ஊருல, இந்தப் புகையாண்டி தன் வண்டிப் பாய்லருக்குத் தண்ணி எங்கன பிடிக்காரு?"

"நான் எப்போதும்வென்றான்ல இருந்து வாரேன். எங்க ஊர் பக்கம் வந்து சண்டையில தோக்குதாரே, நியாயமா?"

கோமதிக்குக் கோட்டின் மீது கோபம். "சித்திரை வெயில்ல தோல் கோட்டு! வேர்க்குரு பிடுங்கிராது? உள்ள பருத்தித் துணியில லைனிங் கொடுத்ததா ஒரு வரி எழுதுங்க அண்ணாச்சி. மனசு கேக்கல."

இதுவரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அதன்பிறகுதான் அந்த மூன்றாம் அத்தியாயக் கேள்வி வந்து விழுந்தது.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்த காட்டில் கிடை போடுவார்கள். ராத்திரி ஆட்டு மந்தையை அங்கே அடைத்துவைத்தால் மண்ணுக்கு உரம். சில நாளில் மந்தை அடுத்த காட்டுக்கு நகரும். நான் டவுன் பையன், கிடையை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனாலும் மண்வாசனை வேண்டாமா? பம்புகள் உடைந்த இடங்களுக்குப் பக்கத்தில் எல்லாம் கிடை போட்டேன். கிடைக்கார நல்லமுத்து என்று ஒரு வெகுளி மனுஷரை நிறுத்தினேன். அவர்தான் புகையாண்டி என்று கடைசி அத்தியாயத்தில் உடைத்தேன்.

"எங்க அப்பா கிடை போட்டவிய" என்றார் கோமதி. "பம்பு உடைஞ்ச இடத்துல எல்லாம் கிடை இருக்கு. காலையில வண்டித் தடத்தக் காணோம், தடத்தக் காணோம்னு இன்ஸ்பெக்டர் அலையுதாரு. ஒரு மந்தையே மிதிச்ச மண்ணுல என்ன தடம் நிக்கும்? நல்லமுத்து அண்ணன்தான்னு அப்பமே தெரிஞ்சிட்டு."

கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். "வேற யாருக்காவது... முன்னாடியே தெரிஞ்சுதா?"

மாடி முழுக்கக் கைகள் எழுந்தன. தங்கவேல் அண்ணாச்சி பாதி தூக்கிய கையை, என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக இறக்கிக்கொண்டார். அந்தக் கரிசனம்தான் இன்னும் வலித்தது. மர்ம நாவலில் மர்மம் போய்விட்டால் மிச்சம் என்ன? நாலு வருஷ உழைப்பு கண் முன்னால் நமுத்துப்போனது.

"பரவாயில்லை. நாளைக்கே பதிப்பாளரிடம் பேசி மாற்றிவிடுகிறேன். புகையாண்டி ஒரு ஸ்கூல் வாத்தியார் என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் கண்டுபிடிக்க முடியாது" என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் முறைத்தது.

"வாத்தியாரா? ராத்திரி பூரா முழிச்சிக் கெடந்து பாடுபட்டது நல்லமுத்து, பேரு வாத்தியாருக்கா?"

"அந்த மனுசனக் கதையவிட்டுத் தூக்கிருவீங்களோ? நல்லா இருக்கே!"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "தெரிந்துபோன கதையை ஏன் கடைசிவரைக்கும் படித்தீர்கள்?"

"அவரு மாட்டிக்கிடக் கூடாதேன்னுதான்!" என்றார் கோமதி. "இன்ஸ்பெக்டர் கிடைப் பக்கம் வரும்போதெல்லாம் எனக்கு திக்கு திக்குங்குது. 'அண்ணே, அந்தப் பாய்லர் சாம்பல மூடுங்கண்ணே'ன்னு புத்தகத்தப் பார்த்துச் சொல்லுதேன். எங்க வீட்டுக்காரவிய என்னைய ஒரு மாதிரி பாக்காவ. ஆனா அண்ணாச்சி, கதையில ஒரு பெரிய தப்பு இருக்கு. ஊருல ஒருத்தருக்கும் அவரு யாருன்னு தெரியலன்னு எழுதியிருக்கீங்க. அது எப்படி? ஊருக்கே தெரியும். சொல்ல மாட்டாவ, அவ்வளவுதான்."

"ஊருக்கே தெரிந்தால் அது எப்படியம்மா ரகசியமாக இருக்கும்? ஒருத்தராவது உளறிவிட மாட்டாரா?"

அதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஓர் உயரமான பெரியவர் கறுப்புக் கண்ணாடியோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் ராமசாமி. எல்லாரும் எழுந்து வணக்கம் சொல்லி, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காரவைத்தார்கள். ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

"பாதி படிச்சிக்கிட்டு இருக்கும்போது கண்ணு ஆபரேஷன் ஆயிட்டு சார்" என்றார் என்னிடம். "ஒரு மாசம் புத்தகத்தத் தொடக் கூடாதுன்னுட்டாவ. எனக்குத் தூக்கமே இல்ல. யாராவது சொல்லிருங்களேன்... யாரு அந்தப் புகையாண்டி?"

எல்லாரும் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க."

"நான் இன்னும் கடைசிக்கு வரல சார்" என்றார் தங்கவேல் அண்ணாச்சி. அரைமணி நேரத்துக்கு முன்னால் கடைசிப் பக்கத்தை உருகி உருகி வாசித்துக் காட்டியவர்!

"கோமதி, நீயாவது..."

"எனக்குத் தைக்கதுக்கே நேரம் சரியா இருக்கு சார். கோட்டு வார பக்கத்த மட்டும் பார்த்தேன்."

"மில்லு மேனேஜர்தான? எனக்கு மொதல்ல இருந்தே அவன் மேலதான் டவுட்டு."

"இருக்கும் சார்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அவன் முழியே சரியில்ல." மாடி மொத்தமும் தலையாட்டியது.

பெரியவர் கடைசியாக என் பக்கம் திரும்பினார். "எழுதினவரு நீங்க. நீங்களாவது சொல்லுங்க சார்."

எல்லாக் கண்களும் என் மேல். எழுதியது நான்தான். புத்தகமும் என் மடியில்தான் இருக்கிறது. என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"எனக்கும்... சரியா ஞாபகம் இல்லை சார்."

கோமதி எழுந்து வந்து கடலைமிட்டாய்த் தட்டை நீட்டினார். முதலில் பெரியவருக்கு. அடுத்து எனக்கு, கூடவே ஒரு துண்டு அதிகம். மாலை, சால்வை எல்லாம் எந்த மூலைக்கு? இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மேடையிலும் உட்கார்ந்ததில்லை.

திங்கட்கிழமை பதிப்பாளர் கூப்பிட்டார். ஒரே ஒரு அத்தியாயம் சேர்க்க வேண்டும் என்றேன். இன்ஸ்பெக்டர் வீடு வீடாகப் போய் விசாரிக்கிறார். எல்லா வீட்டிலும் உட்காரச் சொல்கிறார்கள், மோர் தருகிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. படிக்கிற யாருக்கும் அங்கேயே எல்லாம் புரிந்துவிடும்.

"அப்போ மர்மம் போயிடுமே சார்?"

"எங்க ஊரில் அது மூணாவது அத்தியாயத்திலேயே போய்விட்டது. அப்புறமும் நல்லமுத்துவுக்காகப் பயந்து பயந்து படித்திருக்கிறார்கள்."

"சரி, எழுதி அனுப்புங்க. அப்படியே ரெண்டாம் பாகத்தையும் ஆரம்பிச்சுடுங்க" என்றார்.

பேச்சுவாக்கில் உங்களிடமும் போட்டு உடைத்துவிட்டேன். போகட்டும், இனி நீங்களும் எங்க ஊர்தான். அந்தப் பெரியவர் எங்கேயாவது உங்களைப் பார்த்துக் கேட்டால்...

மில்லு மேனேஜர்தான். சரியா?