பெரட்டுக்கு வந்த முதலாளி

"அந்தம்மாவுக்கு என்னதானுங்க வேணும்?" என்று எஸ்டேட் முதலாளியின் வக்கீல் என் மளிகைக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். கோவையிலிருந்து காரில் வந்திருந்தார். எங்கள் ஊர்க் குளிருக்குப் பயந்து காதை மூடிக் குல்லாய் போட்டிருந்தார். அவர் கேட்டது பேச்சியம்மாவைப் பற்றி. குன்னூர் சாலையில் என் கடைக்கு மேலே இருக்கும் எஸ்டேட்டில் தலை நரைக்கும்வரை கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நானே சொல்லிப் பாதிக் கமிஷன் வாங்கியிருப்பேன்.

பேச்சியம்மா இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தபோது கல்யாணமான புதிது. புருஷன் சீக்கிரமே போய்விட்டான். ஒரே மகளைச் சோலூரில் கட்டிக் கொடுத்துவிட்டு, எஸ்டேட் லைன் வீட்டில் தனியாக இருந்தாள். பேச்சில் இலங்கை வாடை போகவே இல்லை. முடியாது என்று சொல்லமாட்டாள், ஏலாது என்பாள். என் கடை வெங்காயத்தை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பாள். அழுகல் ஒன்று தப்பிப் போய்விட்டால் மறுநாள் அதைக் கொண்டுவந்து என் தராசுத் தட்டிலேயே வைப்பாள். வாய்ச்சண்டை போடமாட்டாள். வைத்துவிட்டு நிற்பாள், அவ்வளவுதான். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரியும்.

தேயிலை விலை தரையில் விழுந்து கிடந்த வருடங்கள் அவை. ஓய்வு பெற்றதும் பி.எஃப். பணம் கேட்டுக் கோயமுத்தூர் அலுவலகத்துக்குப் போனாள். பல வருடங்களாக அவள் பெயரில் ஒரு பைசாகூடக் கட்டவில்லை என்று அங்கே சொன்னார்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்ததெல்லாம் முதலாளி மயில்சாமியின் வேறு தொழில்களுக்குப் போயிருந்தது. அவள் பணம் மட்டுமல்ல, லைனில் இருந்த அத்தனை பேர் பணமும். திரும்பி வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக லைன் முழுவதும் சொல்லிவிட்டு, மறுநாள் போலீஸ் ஸ்டேஷன் போனாள். புகாரில் முதல் கையெழுத்து அவளுடையது.

மயில்சாமியைக் கைது செய்தார்கள். வேனில் ஏறும்போதே அவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. கோழி திருடியவனுக்கு இந்த வலி ஏன் வருவதில்லை என்று எந்த டாக்டராவது எனக்குச் சொன்னால் தேவலை. ஏ.சி. அறையில் சிலநாள் படுத்திருந்துவிட்டு ஜாமீனில் வெளியே வந்தார்.

அவரை என்ன செய்யலாம் என்று என் கடைப் பெஞ்சில் தினம் ஒரு தீர்ப்பு வாசித்தார்கள். தூக்கில் போடு என்றான் ஒருவன். பங்களாவை ஏலம் விடு என்றேன் நான். உள்ளே போட்டுப் பத்து வருஷம் களி தின்ன விடு என்றான் இன்னொருவன். பேச்சியம்மா எதிலும் கலந்துகொள்ளவில்லை.

இந்த நேரத்தில்தான் வக்கீல் வந்தார். சமரசம் பேச வந்தார். பிடித்த பணத்தை முதலாளி வட்டியில்லாமல் உடனே கொடுத்துவிடுவார். புகார் கொடுத்த எல்லோரும் எங்களுக்குக் குறையில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். சென்னை ஐகோர்ட்டில் வழக்கை முடித்துவிடலாம். ஒருவர் போடாவிட்டாலும் ஒருவருக்கும் பணம் கிடையாது. லைன் முழுவதும் போட்டுவிட்டது. பாக்கி, பேச்சியம்மா ஒருத்தி.

அடுத்த வீட்டுக் கருப்பம்மாள் தினமும் அவள் வாசலில் வந்து நின்றாள். கருப்பம்மாளின் புருஷன் செல்லக்கண்ணுவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் ரத்தம் சுத்தம் செய்து கூட்டிவர வேண்டும். நகையெல்லாம் விற்றாகிவிட்டது.

"அக்கா, அவரு உள்ள போனா என்ன, வெளிய இருந்தா என்ன? எம்புருசன் உசுரோட இருக்கோணும். போட்டுருங்கக்கா" என்று அழுதாள்.

அந்த அழுகைக்குத்தான் பேச்சியம்மா இறங்கினாள். ஆனால் சும்மா இறங்கவில்லை. வக்கீலை வரச் சொல்லி, என் கடை வாசலில் வைத்தே சொன்னாள்.

"அவரு பெரட்டுக்கு வரணும். எங்களோட நிக்கணும். பேரு கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லணும். என்ன செஞ்சாருன்னு அவரு வாயால சொல்லணும். அப்ப போடுறேன்."

இங்கே நாங்கள் மஸ்டர் என்பதை அவள் பெரட்டு என்பாள். காலையில் ஃபாக்டரிச் சங்கு ஊதியதும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கண்காணி பெயர் கூப்பிடுவான். கடைசிப் பெயர் முடிந்ததும் நோட்டு மூடிவிடும். அதற்குப் பிறகு வந்தவருக்கு அன்று வேலையில்லை, சம்பளமில்லை, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். வெள்ளைக்காரன் போயும் போகவில்லை.

"இவ்வளவுதானுங்களா!" என்று வக்கீல் சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை பெரிய திருட்டுக்குக் காலையில் கொஞ்ச நேரம் நிற்பதா தண்டனை?

குறித்த நாளில் நானும் போனேன். பணம் வந்தால் என் கடைக் கடனும் தீருமே, எனக்கென்ன வேறு வேலை? களம் முழுக்கப் பனி. வக்கீல் முன்பே வந்து, செக்குகள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு ஃபாக்டரிப் படியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் கோர்ட்டில் காகிதம் இருந்தாக வேண்டுமாம். கருப்பம்மாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாலையையே பார்த்தபடி நின்றாள். பேச்சியம்மா வேலைக்குப் போகிறவள்போல செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள்.

சங்கு ஊதியது. கார் வரவில்லை. சங்கிலி என்கிற கண்காணி பெயர்களைக் கூப்பிட்டான். வேண்டுமென்றே இழுத்து இழுத்துக் கூப்பிட்டான். கடைசியில் "மயில்சாமி ஐயா" என்றான். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டான். பின்வரிசையில் யாரோ பயத்தில் சிரித்தார்கள். சங்கிலி நோட்டை மூடினான். எல்லாம் போச்சு என்று கருப்பம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெகுநேரம் கழித்துத்தான் வளைவில் கார் வெளிச்சம் தெரிந்தது.

மயில்சாமி இறங்கினார். வெள்ளை வேட்டி, மேலே சால்வை. "ரோட்டுல ஒரே பனி, வண்டி ஊர்ந்துதான் வந்துது" என்று பொதுவாகச் சொன்னார். சங்கிலி ஓடினான். "அதுக்கென்னங்கய்யா, இப்பக் கூப்பிடறேனுங்க" என்று மூடிய நோட்டைத் திறந்தான். வரிசை தானாக விலகி வழி விட்டது. வாட்ச்மேன் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவரும் உட்கார்ந்துவிட்டார். நிற்கத்தான் வந்தோம் என்பது அவருக்கே மறந்துபோயிருக்கும். எழுந்து நில்லுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வக்கீல் காகிதத்தையும் பேனாவையும் பேச்சியம்மாவிடம் நீட்டினார். அவள் பேனாவை வாங்கிக் கருப்பம்மாளைப் பார்த்தாள். அவளுக்காகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள், அது முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் கருப்பம்மாள் எழுந்தாள்.

"சங்கிலியண்ணா, போன மாசம் எம்புருசனை ஆஸ்பத்திரில உட்டுப்போட்டு மொதப் பஸ்ஸுக்கு ஓடியாந்தேன். நீங்க நோட்டை மூடுனீங்க. பஸ்ஸு லேட்டுங்கண்ணான்னு கால்ல உழுவாத கொறையா அழுதேன். ரூல்ஸ்னா ரூல்ஸுதான்னு தொரத்தி உட்டீங்க. இவருக்கு மட்டும் எப்படித் தொறக்குது நோட்டு?"

சங்கிலி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினான். நாற்காலியில் இருந்தவர்தான் பேசினார். "ஏம்மா, உனக்குத்தான் மொத செக்கு. வாங்கிட்டுப் போ."

பிச்சை போடுவதைப்போல அதைச் சொன்னார். அவள் பணம் அது.

கருப்பம்மாள் திரும்பி, "அக்கா, போடாதீங்க" என்றாள்.

களமே இரைந்தது. அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். போடு, போடு என்றார்கள். "போடுங்கம்மா!" என்று நானும்தான் கத்தினேன். பேச்சியம்மா கருப்பம்மாள் பக்கம் திரும்பினாள்.

"புள்ள, யோசிச்சுத்தான் கதைக்கிறியா? செல்லக்கண்ணு படுக்கையில கெடக்கான்."

"யோசிச்சா எனக்கு வாயே வராதுக்கா. போடாதீங்க."

மயில்சாமி எழுந்துவிட்டார். முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. "வட்டியும் சேர்த்தே தர்றேனுங்கம்மா" என்றார். 'ங்க' வந்துவிட்டது பாருங்கள்.

பேச்சியம்மா பேனாவை அந்த நாற்காலியில் வைத்தாள். "பிந்தி வந்தவங்களுக்கு இன்னிக்குப் பேரு இல்லை. நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மயில்சாமி மறுநாள் வரவில்லை.

வழக்கு நடந்தது. முதல் மழையோடு செல்லக்கண்ணுவின் வைத்தியம் நின்றது. நாங்கள் கை வசூல் செய்து கொடுத்தது எந்த மூலைக்குக் காணும்? ஐப்பசியில் இறந்துபோனான். அவனுக்கு முப்பதாம் நாள் கும்பிடுவதற்குள் தீர்ப்பு வந்தது. மயில்சாமிக்குச் சிறை. மறுபடியும் நெஞ்சைப் பிடித்தாராம், இந்த நீதிபதி ஜெயில் டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டார். மயில்சாமியின் சொத்தை ஏலம் விட்டு எல்லோருக்கும் வட்டியோடு பணம் வர மேலும் காலம் ஆனது.

அதுவரை லைனில் பாதிப் பேர் பேச்சியம்மாவோடு பேசவில்லை. கருப்பம்மாளும் அந்த வாசல் பக்கம் போகவில்லை. பேச்சியம்மா என் கடையில் வெங்காயத்தை அமுக்கிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். நான் தராசில் போட்டதை வாங்கிக்கொண்டு போனாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பணம் வந்த வாரம் அவளுக்கு அரிசி கொண்டுபோனேன். வாசலில் கருப்பம்மாள் நின்றிருந்தாள்.

"அன்னைக்கு ஆத்தரத்துல சொல்லிப்போட்டேன். நீங்க அதைக் கேக்காம போட்டிருக்கலாமுங்கக்கா."

"போட்டிருக்கலாம்" என்றாள் பேச்சியம்மா.

"போட்டிருந்தா அவரு இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு."

"இருந்திருப்பான்."

தன் பக்கம் நியாயம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். கருப்பம்மாள் வாயில் அமுக்கியிருந்த புடவைத் தலைப்பை எடுத்தாள்.

"அந்தாளை உள்ள போட்டுட்டாங்கன்னு வந்து சொன்னப்ப, புருசன் செத்த ஊட்டுல உக்காந்துட்டுச் சிரிச்சேனுங்கக்கா. வாய்விட்டுச் சிரிச்சேன். இதை நான் ஆருகிட்டப் போயிச் சொல்லுவேன்?"

பேச்சியம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் அரிசியை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.