பதினோராம் எண் டோக்கன்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இது எனக்கு நடந்ததும் இல்லை. என் அக்காவுக்கும் அத்தானுக்கும் நடந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் சொன்னது அக்கா. முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தவள். பிறப்போ சாவோ, முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் அழுகையும் சிரிப்பும். இதில் வருகிற நேரமெல்லாம் அவள் கடிகாரத்தில் பார்த்தவை. ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டிக் குறைக்கவில்லை.

அத்தான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற நாலாவது மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். "நல்ல காற்று, மெதுவான நடை. ஏற்றம் மட்டும் கூடாது" என்றார் டாக்டர். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். மலையடிவாரத்தில் ஒரு பண்ணை வீட்டைப் பத்து நாளைக்கு எடுத்தாள். அத்தானின் மாத்திரை டப்பா, ஸ்வெட்டர், தொப்பி, கைத்தடி எல்லாவற்றையும் காரில் அடைத்தாள். கடைசியாக அத்தானையும் அடைத்தாள்.

முதல் ஐந்து நாள் இருவரும் சின்னப் பிள்ளைகளாகிவிட்டார்கள். அத்தான் குளத்தில் தூண்டில் போட்டு மூன்று மணி நேரம் தவம் கிடந்தார். ஒற்றைச் செருப்பு ஒன்று மாட்டியது. அதையும் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். அக்கா இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு சைக்கிள் ஓட்டினாள். வரப்பில் அவள் தள்ளாட, அத்தான் பின்னாலிருந்து "ரைட்... ரைட்... பிரேக் போடு... ஐயோ மாடு!" என்று கத்த, பண்ணையில் பால் கறந்துகொண்டிருந்தவர் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். இத்தனை வருடத்தில் அவரோடு இவ்வளவு சிரித்ததில்லை என்று அக்கா என்னிடம் போனில் சொன்னாள். ஆளை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் போதும் என்றும் சொன்னாள்.

அத்தானிடம் ஒரு பழக்கம் உண்டு. டிரைவர் புத்தி. நடக்கும்போதும் இருபது அடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். "பிள்ளைங்க எல்லாம் ஏறியாச்சா?" என்பார். பின்னால் வருவது அக்கா ஒருத்திதான். இருந்தாலும் கேட்பார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆறாவது நாள் மாலை மலைக்காட்டுப் பாதைக்குப் போனார்கள். அங்கே ஒரு கேட், ஒரு குடிசை, ஒரு காவலாளி. குடிசைச் சுவரில் பலகை. பலகையில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் எண் எழுதிய மரத்துண்டு, கயிற்றில் தொங்கும். அதுதான் டோக்கன். உள்ளே போகிறவர் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் தன் கையாலேயே திரும்ப மாட்ட வேண்டும்.

"ஆறு மணிக்குள்ள வந்துடுங்க" என்றார் காவலாளி. "ஆணி காலியா இருந்தா நான் தேடி வருவேன். எல்லாம் நிறைஞ்சுட்டா பூட்டிட்டுப் போயிடுவேன்."

அத்தானுக்குப் பதினொன்று. அக்காவுக்குப் பன்னிரண்டு. அன்றைக்கு வேறு யாரும் உள்ளே போகவில்லை.

பாதை முதலில் சமதரை. ஒரு கிலோமீட்டரில், பாதையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, பெரிய மரத்துக்குப் பின்னால் ஒரு கல் பெஞ்சு. அதற்கு அப்புறம் ஏற்றம். மேலே ஏறினால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்று பண்ணையில் சொல்லியிருந்தார்கள்.

அத்தான் பெஞ்சில் உட்கார்ந்தார். "நீ போய்ப் பார்த்துட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்."

"தனியா விட்டுட்டா?"

"என்னை என்ன நரி தூக்கிட்டா போயிடும்? தூக்கினா அதுக்குத்தான் இடுப்பு புடிச்சுக்கும். போ."

அக்கா அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். எழுபத்தாறு. இருபது நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் கிளம்பினாள். மணி 4.48.

மேலே போய்ச் சேர்ந்தபோது 5.03. பள்ளத்தாக்கு இரண்டே நிமிடம் தெரிந்தது. ஆறு, வயல், தூரத்தில் பண்ணை வீட்டின் ஓட்டுக்கூரை. அப்புறம் கீழேயிருந்து பனி ஏறி வந்தது. மளமளவென்று எல்லாவற்றையும் மூடியது. அக்காவுக்கு மனது கேட்கவில்லை. வேகமாக இறங்கினாள்.

பாதை சமமான இடத்துக்கு வந்தபோது 5.16. முப்பது அடி முன்னால் அத்தான் நின்றுகொண்டிருந்தார். பழுப்பு ஸ்வெட்டர், தொப்பி, கையில் தடி. கேட் இருக்கும் பக்கம் பார்த்தபடி... முதுகு காட்டி.

"என்னங்க! எந்திரிச்சு வந்துட்டீங்களா?"

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் லேசாக உயர்த்தினார். வா என்பதுபோல. பிறகு நடக்க ஆரம்பித்தார்.

அவள் பெஞ்சுப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, ஆள்தான் முன்னால் போகிறாரே. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொள்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் தலையைத் திருப்பியிருந்தால் போதுமே என்கிறாள்.

அந்த மரத்தைத் தாண்டும்போது ஒரு சத்தம் கேட்டது.

க்கும்... க்கும்...

இருமல். அத்தானின் இருமல். ஆனால் பின்னாலிருந்து கேட்டது.

மலையில் சத்தம் எதிரொலிக்கும் என்று நினைத்துக்கொண்டாள். முன்னால் போகிறவரின் தோள் குலுங்கவில்லை என்பது அப்போது மனதில் படவில்லை.

"மெதுவா போங்க. மூச்சு வாங்கப் போகுது."

பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தாள். இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் காக்க வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எட்டி நடந்தாள். இடைவெளி குறையவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போனாள். அப்போதும் அதே முப்பது அடி.

5.24. அக்காவின் காது வேலை செய்ய ஆரம்பித்தது. நர்ஸ் காது. சமதரையில் நடந்தாலே அத்தானுக்கு மூச்சு இரைக்கும். நாற்பதடி தள்ளியிருந்தாலும் கேட்கும். இப்போது இல்லை.

அவள் ஷூவுக்கடியில் சருகு சரக்... சரக்... என்றது.

ஒரு ஜோடிக் காலின் சத்தம்தான்.

தடி தரையில் படுவதை அவள் பார்த்தாள். 'டக்' வரவில்லை.

5.31. அப்போதுதான் அது உறைத்தது. அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பிள்ளைகள் ஏறியாச்சா என்று கேட்கவில்லை.

"என்னங்க... திரும்பிப் பாருங்களேன்..."

நடை நிற்கவில்லை.

நின்றுவிடலாமா? நின்றால் அவரைப் பனியில் தொலைத்துவிடுவோமோ? பின்னாலேயே போனாள்.

கேட் தெரிந்தது. அவர் பலகை முன்னால் ஒரு நொடி நின்றார். டக். ஆணியில் மரம் மோதும் சத்தம். பிறகு கேட்டைத் தாண்டி வலது பக்கம், கார் இருக்கும் பக்கம் திரும்பி மறைந்தார்.

5.41. பதினோராம் எண் டோக்கன் கயிற்றில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சொட்டச் சொட்ட ஈரம். அக்கா தன்னுடையதைப் பக்கத்தில் மாட்டினாள். குடிசைக்குள் அடுப்பில் கெட்டில் வைத்துக்கொண்டிருந்த காவலாளி எட்டிப் பார்த்தார். விரலை நீட்டி ஆணிகளை எண்ணினார். எழுந்து வந்து சங்கிலியைப் பூட்டினார்.

காருக்கு ஐம்பதடி. அக்கா போனாள். கார் பூட்டியிருந்தது. சாவி அவள் கைப்பையில் இருந்தது.

சுற்றிலும் வெட்டவெளி. ஒரே சாலை.

ஒருவரும் இல்லை.

5.45. அவள் திரும்பி ஓடினாள். "அவர் எங்கே? அவர் உள்ளே இருக்கார்!"

"சார் உங்களுக்கு முன்னாடியே போனாரேம்மா. முதுகைப் பார்த்தேனே. டோக்கனும் இருக்கு பாருங்க."

"காருகிட்ட இல்லை. எங்கேயும் இல்லை. கேட்டைத் திறங்க!"

காவலாளி அவளையே பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "வழியில உங்ககிட்ட ஏதாவது பேசினாரா?"

"இல்லை."

"திரும்பிப் பார்த்தாரா?"

"இல்லை..."

அவர் சாவிக்கொத்தை எடுத்துக் கேட்டின் சங்கிலியைத் திறந்தார். "நீங்க இங்கேயே இருங்கம்மா" என்றார்.

"என் புருஷனைத் தேட நான் வராம வேற யார் வருவா?"

இருவரும் ஓடினார்கள். காவலாளி எடுத்து வந்த விளக்கின் ஒளியில் பனி மட்டும்தான் தெரிந்தது. 6.04க்குப் பெஞ்சு.

அத்தான் உட்கார்ந்திருந்தார்.

நடுவில் இல்லை. ஒரு ஓரமாக... பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டு.

உதடு நீலம். கை பனிக்கட்டி. நாடி நாற்பத்தாறு. அக்கா தன் சால்வையை அவிழ்த்து அவர் மேல் போர்த்தினாள். அவர் மெல்லக் கண்ணைத் திறந்து சிரித்தார்.

"அதுக்குள்ள வந்துட்டியா? இப்பத்தானே எழுந்து போனே?"

"யாருங்க?"

"நீதான். இவ்வளவு நேரம் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே."

அக்கா அவர் பக்கத்திலிருந்த காலி இடத்தைப் பார்த்தாள்.

"டோக்கன் எங்கே சார்?" என்றார் காவலாளி.

"இவதானே கேட்டு வாங்கினா. அவர்கிட்ட கொடுத்து மாட்டச் சொல்றேன்னா..." அத்தான் குழம்பினார். "எவர்கிட்ட? நான் கேட்கவே இல்லையே..."

பெஞ்சு முழுக்கப் பனி ஈரம். அத்தானுக்குப் பக்கத்தில் மட்டும், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு, கல் காய்ந்திருந்தது.

காவலாளி விளக்கை அக்கா கையில் கொடுத்துவிட்டு அத்தானைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

மருத்துவமனைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. சேர்த்த நேரம் 7.25 என்று போட்டிருக்கிறது. உடம்பு குளிர்ந்துபோய், துடிப்பு குறைந்து வந்ததாக எழுதியிருக்கிறார்கள். இரண்டே நாளில் தேறிவிட்டார். அக்கா மிச்ச நாளுக்கெல்லாம் கும்பிடு போட்டுவிட்டு மூட்டையைக் கட்டினாள்.

கிளம்பும் நேரத்தில் அந்தக் காவலாளி பண்ணை வீட்டுக்கு வந்தார். அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று அக்காவிடம் சொன்னார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், அவர் வேலைக்குச் சேர்வதற்கும் முன்னால், ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் பாதைக்குப் போயிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்குக் கால் வலி. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போய் ரெண்டையும் மாட்டிட்டு, காரைத் திருப்பி வைங்க. நான் மெல்ல வர்றேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். அவரும் இரண்டு டோக்கனையும் தானே மாட்டிவிட்டுக் காருக்குப் போய்விட்டார். ஆணியெல்லாம் நிறைந்துவிட்டது. அப்போதிருந்த காவலாளி பூட்டிவிட்டுப் போய்விட்டார். அவள் வராததைப் பார்த்துப் புருஷன் கேட்டில் ஏறிக் குதித்து உள்ளே போயிருக்க வேண்டும். பலகைக் கணக்குப்படி உள்ளே யாரும் இல்லை. அதனால் யாரும் தேடவில்லை. எட்டாம் நாளும் கார் அங்கேயே நிற்பதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது.

அந்த அம்மா பெஞ்சிலேயே, ஓரமாக உட்கார்ந்தபடி இருந்தாளாம். அந்தப் புருஷன் இன்றுவரை கிடைக்கவில்லை.

"அதனாலதான் அவங்கவங்க கையால மாட்டணும்னு சொல்றோம்" என்றார் காவலாளி. "ஆனா சில நாள்... யாரோ மாட்டிட்டுப் போயிடறாங்க."

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன்.

வீடு வந்து மூன்று வாரம் கழித்து அக்கா கேட்டிருக்கிறாள். "அன்னைக்கு என்னை மாதிரி வந்து உட்கார்ந்தாளே, அவ உங்ககிட்ட என்ன பேசினா?"

அத்தான் சொன்னார். "ஒண்ணே ஒண்ணுதான் திருப்பித் திருப்பிக் கேட்டா. 'என்னைக் கூட்டிட்டுப் போக வருவீங்கல்ல?'ன்னு. நீதானேன்னு நினைச்சு... வருவேன்னு சத்தியம் பண்ணிட்டேன்."

அதிலிருந்து தினமும் மாலை ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார். ஷூ மாட்டிக்கொண்டு கார் சாவியைத் தேடுகிறார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் முழிக்கிறார். அவருக்கே தெரியவில்லை. அக்கா சாவியைப் பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தாள். ஷூவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். மனுஷனை மீட்டுக்கொண்டு வந்துவிட்டேனா இல்லையா என்று போனில் என்னிடம் கேட்டு அழுகிறாள்.

நேற்றும் போன் வந்தது. சமையலறையிலிருந்து வந்து பார்த்தால் வாசற்கதவு திறந்து கிடந்ததாம். அத்தான் வெறுங்காலோடு தெருவில் பாதி தூரம் போய்விட்டாராம். பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டிருக்கிறாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லையாம். மணி 5.16.