அரிசி டப்பாவில் ஒளித்த கருவி

என் மகள் ராஜஸ்தான் பாலைவனத்தில் பாறை ஏறக் கிளம்பினாள். பாறைப் பிளவுகளில் செருகி, விரியவைத்துக் கயிறு மாட்டும் கருவிகளைக் கராடியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் பரப்பித் தேர்ந்தெடுத்தாள். கால் தவறினால் அவைதான் தாங்குமாம். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயணம் நின்றுவிடும் என்று நினைத்து, பெரிய கருவியை அரிசி டப்பாவில் ஒளித்துவிட்டேன்.

"பெரிய சைஸ் காணோம்மா. சலேகா, பரவாயில்லை, அது இல்லாமலே ஏறிக்கிறேன்."

"அகலமான பிளவு வந்தா?"

"விழாம ஏறணும், அவ்ளோதான். வண்டி வந்துடுச்சு."

ஓடிப்போய் அரிசிக்குள்ளிருந்து எடுத்து நீட்டினேன்.

என்னையே பார்த்தாள். "ஒரு அரிசி சிக்கினாலும் இது விரியாதும்மா. வா, சேர்ந்து தட்டுவோம்."

நல்லபடியாகத் திரும்பி வந்தாள். இப்போதெல்லாம் பயமாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.