நோவை ஒப்புக்கொடுத்தவர்

என் கணவர் முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுத்தவர். கடலுக்குள் வள்ளம் தள்ளும்போது அலை அதைப் புரட்டிப்போட்டு, இவருடைய வலது முழங்கை அதன் அடியில் அகப்பட்டு நொறுங்கியது. எலும்பு பொருந்தியது, ஆனால் மூட்டு இறுகிவிட்டது. வலையும் இழுக்க முடியாது, சோறும் அள்ள முடியாது. மூட்டை வெட்டி இளக்கினால் கை மடங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மருந்துக்குத் தட்டுப்பாடான காலம் அது. நல்லவேளையாக அந்தக் கிழமை உடம்பை மரக்கவைக்கும் விறைப்பு மருந்து வந்திருந்தது. விறைப்பூசி போடும் டொக்டர் எங்கள் இருவரையும் இருத்தி விளங்கப்படுத்தினார். கக்கத்தில் ஒரேயொரு ஊசியோடு விடலாம், ஆனால் பொழுதுபடமுன் விறைப்பு விட்டு நோவு தொடங்கும். அல்லது மெல்லிய குழாய் ஒன்றைக் கக்கத்தில் வைத்து, சில நாட்களுக்கு மருந்து விட்டுக்கொண்டிருக்கலாம். கிருமி தொற்றாமல் பார்க்கவேண்டும், ஆஸ்பத்திரி வாட்டிலேயே கிடக்கவேண்டும்.

"நோகாட்டித்தான் கையை மடக்கி எடுக்கலாம். உடனை மடக்காட்டி திரும்ப இறுகிடும்," என்றார்.

இவர் யோசிக்கவேயில்லை.

"ஒரு ஊசி காணும் டொக்டர். இது தபசு காலம். நோவை ஆண்டவருக்கு ஒப்புக்குடுக்கிறன், அவர் கையைத் தருவார்."

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய அந்த நாற்பது நாளும் எங்கள் பக்கத்தில் மீனைக்கூட விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மனுசன் மருந்தை விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆண்டவர் உங்கடை முழங்கையைக் கேட்டவரே?" என்றேன்.

முகத்தை ஜன்னல்பக்கம் திருப்பிக்கொண்டார். வாயைத் திறந்தால் ஒறுத்தல் குறைந்துவிடுமாக்கும். டொக்டர் இன்னொருமுறையும் சொல்லிப்பார்த்தார். தன் தைரியத்தில் டொக்டருக்குச் சந்தேகம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

வெட்டின அன்றே பொழுதுபடமுன் நோவு வந்தது. ஒரு முனகல் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வாட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். ஆனால் தாதி மடக்க வந்து தொட்டவுடன் அந்தக் கை தானாக இறுகியது. தாங்குவது வேறு, மடக்குவது வேறு என்பது அவருக்கு விளங்கவில்லை. மனம் சம்மதித்தாலும் தசை சம்மதிக்கவில்லை. தையல் வெட்டும்போது கை பாதிக்குமேல் மடங்காது என்று தெரிந்துவிட்டது.

தபசு முடிந்து பாஸ்காப் பூசைக்குப் போனோம். பெண்கள் பக்கத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவாமியார் தொடங்க, எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டார்கள். முதலில் நெற்றியைத் தொடவேண்டிய அவருடைய கை நெஞ்சுவரை வந்து நின்றது. ஆண்டவர்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. இவர் தலையை நன்றாகத் தாழ்த்தி, நெற்றியை விரலிடம் கொண்டுபோனார்.