முட்டினால்தான் சாவி

மாவுக்கட்டைப் பிரித்த அன்று என் வலது கை என்னுடையதாகவே இல்லை. மடங்கச் சொன்னால் விரல்கள், ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிட்ட ஆளைப்போல அரைமனதாக அசைந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் குறுக்கே ஓடிய ஆட்டைக் காப்பாற்றப்போய் ஸ்கூட்டரோடு விழுந்திருந்தேன். மணிக்கட்டு ஒடிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரித்துத் திருப்தியோடு போனார்கள்.

குருசுக்குப்பத்து வீட்டிலிருந்து காலாப்பட்டில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு ஸ்கூட்டரில் போகிற அந்த நேரம்தான் ஒரு நாளில் எனக்கென்று இருந்தது. வழியில் வாய்விட்டுப் பாடுவேன். திட்ட வேண்டியவர்களைத் திட்டித் தீர்ப்பேன். ஹெல்மெட்டுக்குள் நடப்பது யாருக்குத் தெரியும்? கை ஒடிந்ததைவிட அது போனதுதான் எனக்கு வலித்தது.

இப்போது என் ஸ்கூட்டரை என் கணவர் ஓட்டினார். அவருக்கு ஐஸ் கம்பெனியில் விடிகாலை வேலை, காலையிலேயே வந்துவிடுவார். பின்னால் நான் பார்சல் மாதிரி உட்கார்ந்திருப்பேன். அவர் போகும் வேகத்துக்குச் சைக்கிள்காரர்கள் மணியடித்து எங்களிடம் வழி கேட்டார்கள். தெரிந்த முகம் எது தெரிந்தாலும் நிறுத்துவார்.

"இவளுக்குக் கை ஒடைஞ்சிருச்சி. நான்தான் தெனம் கொண்டுபோயி வுடுறேன்."

கேட்டவர்கள் அவரைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிப் பெண் ஒரு மஞ்சள் ஸ்பஞ்சு பந்தைக் கொடுத்து, அமுக்கி அமுக்கி விடச் சொன்னாள். வலியில்லாமல் பிரேக் பிடிக்க முடிந்தால் வண்டி ஓட்டலாம் என்றாள். என் கணவருக்கு அந்தப் பந்தின்மேல் நம்பிக்கை வரவில்லை. மெத்தென்று இருந்ததுதான் அதன் குற்றம். கஷ்டப்படாமல் குணமாவது அவருக்குப் பிடிக்காது, அதுவும் கஷ்டப்பட வேண்டியது வேறொருவர் என்னும்போது. அன்று மாலையே இரண்டு கைப்பிடியும் நடுவில் முரட்டு ஸ்பிரிங்குமாக ஒரு கிரிப்பர் வாங்கிவந்துவிட்டார்.

"ரெண்டு கைப்பிடியும் முட்டணும். என்னைக்கு முட்டுதோ அன்னைக்குச் சாவி குடுக்குறேன்."

"பிரேக் புடிச்சாப் போதும்னு அந்தப் பொண்ணு சொல்லுது."

"அது சின்னப் பொண்ணு. அதுக்கு ரோட்டப் பத்தி என்னா தெரியும்?"

சாவி அவர் சட்டைப்பைக்குள் போனது. சட்டை மாறினால் சாவியும் கூடவே மாறியது.

ஒருநாள் பொறுக்க முடியாமல், நீங்கள் முட்டிக் காட்டுங்கள் என்று கிரிப்பரை நீட்டினேன். வாங்கினார். மூச்சைப் பிடித்தார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு கைப்பிடிக்கும் நடுவே ஓர் எலுமிச்சம்பழம் தாராளமாக உட்காரலாம்.

"எனக்கு எதுக்கு? எனக்கா கை ஒடைஞ்சிது?" என்று மேசையில் வைத்தார்.

இந்த நேரத்தில் பிரான்சிலிருந்து என் கொழுந்தனார் வக்கான்ஸுக்கு வந்தார். லீவு என்று சொன்னால் அவருக்கு லீவு எடுத்த மாதிரி இருக்காது. எல்லாருக்கும் சாக்லேட், சென்ட்டு. எனக்கு மட்டும் தனியாக, பள்ளம் பள்ளமாகக் குடைந்து இரண்டு பக்கமும் கயிறு கோத்த வழவழப்பான ஒரு மரக்கட்டை. அது என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. பிரான்சிலிருந்து வந்த பொருளைப் பார்த்து இது எதற்கு என்று கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கேட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்துபோகும். என் கணவர் அதைப் பயபக்தியோடு வாசல் நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டினார்.

ஒரு வாரம் கழித்து மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்த கொழுந்தனார் நிமிர்ந்து பார்த்ததும் முகம் மலர்ந்தார். "சவா, நல்லாருக்கீங்களா அண்ணி? சரியான எடத்துலதான் மாட்டியிருக்கீங்க. தெனம் தொங்குறீங்களா?"

அப்புறம்தான் விவரம் வந்தது. மலையேறுகிறவர்கள் போகிற இடமெல்லாம் அதைக் கொண்டுபோவார்களாம். கண்ட இடத்தில் கட்டி, அந்தப் பள்ளங்களில் விரல்நுனியை மட்டும் கொடுத்துத் தொங்குவார்களாம். விரல் இரும்பாகிவிடுமாம். எங்கள் மொட்டைமாடியில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் வீடுகள். உயரமாகத் தெரிவது தண்ணீர்த்தொட்டி ஒன்றுதான். அதிலும் ஏறக்கூடாது என்று எழுதியிருக்கும். நான் தொங்கவில்லை. அடுத்த அமாவாசைக்கு அந்தக் கட்டையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. யார் கட்டியது என்று நான் விசாரிக்கவில்லை.

கிரிப்பரை மட்டும் விடவில்லை. கைப்பையில் போட்டு எங்கும் கொண்டுபோனேன். நூலகத்தில் மாணவர்கள் புத்தகம் தேடும்போது மேசைக்குக் கீழே அமுக்கினேன். ஸ்கூட்டரின் பின்சீட்டில், அவர் யாரிடமாவது என் கையைப் பற்றிப் பேசும்போது அமுக்கினேன். அப்போதுதான் பலம் நன்றாக வந்தது. அந்த இரண்டு கைப்பிடிக்கும் நடுவே யார் கழுத்து இருப்பதாக நினைத்துக்கொண்டேன் என்பதைக் குடும்பப் பெண் எழுதக்கூடாது.

ஒரு சாயங்காலம் டக்கென்று சத்தம் கேட்டது. முட்டிவிட்டது. அவரைக் கூப்பிட்டு அவர் கண்முன்னால் இன்னொரு தடவை முட்டினேன். அன்று வந்திருந்த கொழுந்தனார் கைதட்டினார். தம்பி முன்னால் பேச்சு மாற முடியாதே, சாவி வெளியே வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர் முகத்தோடு அதை என் கையில் வைத்தார்.

மறுநாள் காலை வாசலில் வண்டியை எடுத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாளும் கையை எல்லாரும் சோதித்தார்கள், நான் உட்பட. நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தெருமுனைவரை போயிருப்பேன். ஒரு கோழி குறுக்கே வந்தது. என் கை, எதற்குப் பழக்கினேனோ அதைச் சொன்னபடி செய்தது. முன்பிரேக்கை முழுப் பலத்தோடு முட்டப் பிடித்தது. கடல்மணல் படிந்த ரோடு. சக்கரம் வழுக்கி, நடக்கிற வேகத்தில் மெதுவாக விழுந்தேன். முழங்கால் சிராய்த்தது. எழுந்து முதல் வேலையாகச் சாவியை உருவிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

அவர் ஓடிவந்தார். நான் நிற்பதைப் பார்த்ததும் மூச்சு வந்தது, மூச்சு வந்ததும் கோபம் வந்தது.

"போதும். சாவியக் குடு."

நான் கொடுக்கவில்லை. என் வலது கையைப் பிடித்துப் பெருவிரலை நெம்பினார். வரவில்லை. ஆள்காட்டி விரலை இழுத்தார். சுண்டுவிரலையாவது பிரிக்கலாம் என்று அதையும் பார்த்தார். தெருவில் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் வியர்த்தது.

"வலிக்குதா?" என்றார்.

"இல்ல. நீங்க இழுங்க."

அவர் என் கையை விட்டார். பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, தோளில் கிடந்த துண்டால் சீட்டில் இருந்த மணலைத் தட்டி, ரோட்டைப் பார்த்துத் திருப்பிவைத்தார்.

"பிரேக்க மெதுவாப் புடி," என்றார்.

அன்று காலாப்பட்டுவரை தனியாகப் போனேன்.