சாக்குக்குக் கழித்த அரை கிலோ

“…சாமி குத்தம்னா எந்தலையில வரட்டும். அது எண்பது கிராம், நான் நிறுத்து வாங்குன சாமான். கையைத் தூக்குடா!” என்றாள் அம்மா.

இடம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். பள்ளிகளுக்கு இடையிலான கபடிப் போட்டி, ஐம்பது கிலோ பிரிவு. வெறும் டவுசரோடு எடை மெஷின் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். பெயர் எழுதி முடிக்க ஐந்து நிமிடம் பாக்கி. மெஷின் காட்டியது ஐம்பது கிலோ அறுபது கிராம். அம்மாவின் பார்வை என் இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண் கொடியில் நின்றது.

அந்தக் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டு எழுந்ததும் சமயபுரத்தில் வைத்து மாட்டியது. குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது. ஆண்பிள்ளை இடுப்பு ஒரு நிமிடம்கூட வெறுமனே இருக்கக் கூடாது, செத்தவனுக்குத்தான் அறுப்பார்கள் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவளே அம்மாதான்.

நாங்கள் இருந்தது பாலக்கரை. அம்மாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காயக் கடை. நான் அப்போது பத்தாவது. பத்தாவது வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார் என்பது எல்லா ஊரிலும் நடப்பதுதானே. அதனால் பி.டி. சார் எங்களைக் காலை ஆறு மணிக்கே மைதானத்துக்கு வரச்சொல்வார். போன வருஷம் எடை கூடியதால் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். எங்கள் அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். ஆக, இந்தப் பிரிவில் எனக்கு இருந்தது இந்த ஒரு போட்டிதான்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் சார் எடை பார்த்தார். ஐம்பத்திரண்டு.

“சாப்புடு, வேணாங்கல. ஆனா தட்டுலயே குடித்தனம் பண்ணாத” என்றார்.

நான் ராத்திரிச் சோற்றை ஒதுக்கியதும் அம்மா மறுநாளே, வெங்காயச் சருகு ஒட்டிய சேலையோடு, பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். “புள்ளைக்குச் சோறு போடாதன்னு சொல்ற வாத்தியாரை நான் இப்பத்தான் சார் பாக்குறேன்” என்றாள்.

சார் கோபப்படவில்லை. “உங்க பையன் இடதுகைப் பக்கமா ரெய்டு போனா, எதிர்ல இருக்கறவனுக்கு எங்க நிக்கிறதுன்னே தெரியாதுங்கம்மா. ஆனா அம்பதுக்கு மேல ஒரு கிராம் இருந்தாலும் இவனை உக்கார வெச்சிட்டு நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணும். போன வருஷம் நின்னேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். போன வருஷம் நான் மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்தது அவளுக்குத் தெரியும்.

“இவ்வளவுதானே? எங்கிட்ட விடுங்க. எடை என் தொழில்.”

அதன்பிறகு நான் அவள் கையில் ஒரு மூட்டைதான். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் கீரையும் முட்டையும், ராத்திரி மோர். மார்க்கெட்டில் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. “என்ன தம்பி, இன்னிக்கு எவ்வளவு குறைஞ்ச?” என்று லோடு இறக்குகிறவர்கள் கேட்பார்கள். பூண்டுக் கடை அக்கா, “இப்படியே போனா காத்துல பறந்துதான் கோட்டைத் தொடுவான்” என்றார். 

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா என்னை மண்டியின் பெரிய தராசில் ஏற்றினாள். எடைக்காரர் முப்பது வருஷமாக அந்தத் தராசின் முன்னால் நிற்கிறவர். முள்ளைப் பார்த்தார். “நாப்பத்தொம்பதே முக்கால்!” என்று மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி கூவினார். கால் கிலோ கையில் இருக்கிறது! அம்மா வீட்டுக்குப் போனதும் கல்லைக் காயவைத்து இரண்டு தோசை வார்த்துப் போட்டாள். அவ்வளவு ருசியான தோசையை அப்புறம் நான் தின்றதில்லை.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் மெஷின் மேல் ஏறினேன். ஐம்பது கிலோ நானூறு.

எடை போட்ட சார் வேறு பள்ளிக்காரர். தலையை ஆட்டினார். எங்கள் அணிப் பையன் ஒருவன், “டேய், நைட்டு பந்திக்குப் போனியாடா?” என்றான். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“நான் வெங்காயக் கடைக்காரி. மண்ணு மேல மெஷினை வெச்சா எப்படிங்க சரியாக் காட்டும்? சிமெண்டுத் தரையில வைங்க.”

“அம்மா, இது வெங்காயம் இல்லைங்க.”

“வெங்காயத்துக்கே நாங்க சமமாத்தான் வைப்போம். இது புள்ளைங்க.”

அவர் சிரித்துவிட்டு மெஷினைப் படிக்கட்டுக்குக் கீழே சிமெண்டில் வைத்தார். மறுபடி ஏறினேன். அதே நானூறு.

அம்மா விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டாள். திடீரென்று நெற்றியில் அறைந்துகொண்டாள்.

“ஐயோ, எடைக்கார அண்ணன் சாக்கைக் கழிச்சுச் சொல்லிட்டாருடா!”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மண்டியில் மூட்டையை நிறுத்தால் சாக்குக்கு அரை கிலோ கழித்துத்தான் எடையைக் கூவுவார்கள். எடைக்காரர் வாய் முப்பது வருஷப் பழக்கத்தில் எனக்கும் அதையே கழித்துவிட்டது. முந்தின நாளே நான் ஐம்பதே கால். அதற்கு மேல் இரண்டு தோசை.

“அரைமணி நேரம் தரலாம்” என்றார் எடை போட்ட சார். பி.டி. சார் வண்டியிலிருந்து மழைக்கோட்டை எடுத்து என் மேல் மாட்டினார். “ஓடு” என்றார்.

கொள்ளிடக் கரைப் பக்கம் போகிற சாலையில் ஓடினேன். பிளாஸ்டிக் கோட்டுக்குள் வியர்வை ஊற்றியது. வாயில் ஈரமில்லை. திரும்பிவிடலாம் என்று கால் சொன்னபோதெல்லாம் போன வருஷம் உட்கார்ந்த ஓரத்து பெஞ்சு கண்ணில் வந்தது. இன்னும் ஒரு விளக்குக் கம்பம், இன்னும் ஒன்று என்று ஓடினேன். திரும்பி வந்து துடைத்துக்கொண்டு ஏறினேன். முந்நூற்று நாற்பது கிராம் போயிருந்தது. அறுபது போகவில்லை. எச்சில்கூடத் துப்ப வரவில்லை.

“அஞ்சு நிமிஷம்” என்றார் எடை போட்ட சார். எங்கள் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா அப்போதுதான் கொடியைப் பார்த்தாள். “வேணாம்மா, அதைக் கழட்டக் கூடாதுன்னு நீதானே…” என்று நான் பின்னால் நகர்ந்தேன். “நாந்தான் சொன்னேன். இப்பவும் நாந்தான் சொல்றேன். சாமி குத்தம்னா எந்தலையில வரட்டும்” என்றாள்.

கையைத் தூக்கினேன்.

அம்மா தன் பைக்குள் கையை விட்டுச் சாக்குத் தைக்கும் சணல் நூலில் ஒரு முழம் இழுத்தாள். முதலில் அதை என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு நின்ற பிறகுதான் வெள்ளிக் கொடியைத் தொட்டாள். கொக்கி இறுகிப் போயிருந்தது. அத்தனை பேர் பார்க்க, சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு, மூட்டையின் வாயைப் பிரிப்பதுபோல் பல்லால் கொக்கியை நெம்பினாள். கழன்றது. கண்ணில் ஒற்றி மடியில் செருகிக்கொண்டு என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

நாற்பத்தொன்பது கிலோ தொள்ளாயிரத்து எண்பது.

பையன்கள் கத்திய கத்தலில் எடை போட்ட சார் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அம்மா எண்ணைப் பார்க்கவே இல்லை. அவர் என் பெயரை எழுதி முடிக்கும் முன்பே தூக்குவாளியைத் திறந்து, தயிர்சாதத்தை ஒரு கை அள்ளி என் வாயில் திணித்தாள்.